பனிமூட்டம் மட்டும் இருந்தா பேய்க்கதை ஆயிடுமா?

கோத்தகிரியில பனி தினம் ஜன்னல் வரைக்கும் வருது. அதுக்கெல்லாம் பயந்தா டியூஷன் போக முடியுமா? அதனால பனி, இருட்டு, ஊளைன்னு ஒப்பேத்துற நாவல் எதுவும் என்கிட்ட எடுபடாது.

1897ல வந்த 'டிராகுலா' வேற ரகம். முழுக்க டைரி, கடிதம், தந்தி. கோட்டைக்கு வந்த இளம் வக்கீல் ஜோனதன் ஷேவ் பண்ணிட்டிருக்கான், தோள்ல கை வச்சு கவுண்ட் டிராகுலா (ரத்தம் குடிக்கிற பிரபு) குட்மார்னிங் சொல்றார், கண்ணாடியில ஆளே இல்ல! புத்தகத்தை மூடிட்டு டீ போடப் போயிட்டேன். (பிற்பாதியில டிராகுலாவை வேட்டையாடுற புரொபசர் வான் ஹெல்சிங் பேசியே கொல்றார், அது தனிக்கதை.)

ஹாரி பாட்டர்ல மூணாவது புத்தகம்தான் டாப். வில்லன் வோல்டமோர்ட் நேர்ல வராமலே மிரட்டும். அஞ்சாவது தலையணை சைஸ், பாதியில விட்டாச்சு.

மர்மம்னா சுஜாதாவோட 'கொலையுதிர் காலம்'. பேயா விஞ்ஞானமான்னு துப்பறியற வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மண்டையை உடைச்சுக்கிறதுக்காகவே படிக்கலாம். என் காப்பியை இரவல் வாங்கின புண்ணியவான் திருப்பிக் குடுங்கப்பா.