ஹாப்ஸ் இட்ட பிறகு

வீட்டிலேயே பியர் காய்ச்சுவோருக்கு மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஈஸ்ட்டும் ஹாப்ஸும் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) விற்கும் ஒரு சிறிய கடையில், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நான் பணிபுரிகிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வரும் நம்மவர்களுக்கு நொதித்தல் புதிதன்று; ஆண்டிறுதி விடுமுறைக்கு இஞ்சி பியர் செய்யும் வீடுகளில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஆனால் பேல் ஏல் என்னும் பியர் வகையைக் காய்ச்ச முனைந்ததும், எந்த ஹாப்ஸ், எத்தனை கிராம் என்பதிலேயே அவர்களின் கவனம் நின்றுவிடுகிறது. நொதித்தல் முடியும் தறுவாயில் மணத்துக்காக ஹாப்ஸ் இட்ட பின் வரும் நாள்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எங்களிடம் திரும்பி வரும் புகார்களில் பெரும்பாலானவை அந்த நாள்களில்தான் பிறக்கின்றன.

வெப்பத்தைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் தெரியும். கோடையில் 28 பாகையைத் தொடும் இந்த ஊரில், நொதிக்கும் பியர் தானும் சூடாகும் என்பதால், ஈஸ்ட்டை 18 முதல் 20 பாகைக்குள் வைத்திருக்கப் பழைய குளிர்பெட்டியே உதவும். ஈரத்துணி சுற்றும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. கடற்கரைக் காற்றின் ஈரப்பதத்தில் துணி உலர்வதே அரிது, உலராத துணி குளிர்விக்காது. லோட் ஷெடிங் நடந்த காலத்தில் இரண்டு மணி நேர மின்தடைக்கு அஞ்சியவர்களிடம், 20 லிட்டர் பியர் அவ்வளவு விரைவில் சூடேறாது, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும் என்பேன்.

டோங்காட்டிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, ஹைட்ரோமீட்டர் 1.012-இல் நின்றுவிட்டது, அதன் பிறகுதான் ஹாப்ஸ் போட்டேன், சர்க்கரையும் அளந்துதான் சேர்த்தேன், பிறகு ஏன் பாட்டில் திறந்தவுடன் பொங்குகிறது?" என்று கேட்டார். ஹைட்ரோமீட்டர் பியரின் அடர்த்தியை அளக்கும் கருவி; சர்க்கரை நொதித்துக் குறையக் குறைய அதன் அளவு இறங்கும், ஓரிடத்தில் நின்றுவிட்டால் நொதித்தல் முடிந்ததாகக் கொள்வோம். அவர் செய்முறையில் குறையில்லை. வாசனைக்காக மட்டுமே சேர்ப்பதாக நாம் நினைக்கும் ஹாப்ஸ், மாவுச்சத்தை உடைக்கும் நொதிகளையும் உடன் கொண்டுவருகிறது. ஈஸ்ட் உண்ண முடியாமல் விட்டுவைத்த டெக்ஸ்ட்ரின்களை அந்நொதிகள் சர்க்கரையாக வெட்டித் தருவதால், முடிந்துவிட்டதாகத் தோன்றிய நொதித்தல் மெல்ல மீண்டும் தொடங்குகிறது. அடர்த்தி 1.012-இலிருந்து 1.009-க்கு இறங்கினால், ஒவ்வொரு லிட்டர் பியரிலும் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கரியமில வாயு கூடுதலாக உருவாகும். பாட்டிலில் அடைக்கும்போது நாம் சேர்க்கும் சர்க்கரை தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. ஆக, இரட்டைப் பங்கு சர்க்கரை போட்ட கணக்காகிவிடுகிறது. கண்ணாடிப் பாட்டில் என்றால் பொங்குவதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1893-இலேயே பிரௌன், மோரிஸ் என்ற இரு ஆங்கிலேய வேதியியலாளர்கள் இதை எழுதிவைத்தார்கள். பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டு, ஹாப்ஸை அள்ளிக் கொட்டும் பாணி பரவிய பிறகுதான் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை மீண்டும் விரிவாக ஆராய்ந்தார்கள்.

மீண்டும் எழும் நொதித்தலோடு டையாசெட்டில் என்னும் வெண்ணெய் மணமும் எழக்கூடும். அதை ஈஸ்ட்டே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்றாலும், அதற்கு முன்பே பியரைக் குளிரவைத்துவிட்டால் ஈஸ்ட் உறங்கிவிடும், மணம் தங்கிவிடும். எனவே சிறிதளவு பியரை மூடிய குவளையில் 60 பாகை வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து, ஆறிய பின் முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன். வெண்ணெய் வாசம் வந்தால் காத்திருக்க வேண்டும்.

லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் ஹாப்ஸ், மூன்று நான்கு நாள்கள் என்பதே என் அளவு. அதற்கு மேல் ஊறினால் புல்லின் சுவை ஏறுவதாக எனக்குப் படுகிறது. நொதித்தல் முற்றும் அடங்குவதற்குச் சற்று முன்னரே ஹாப்ஸ் இடுவதை விரும்புகிறேன், மூடி திறக்கையில் நுழையும் ஆக்சிஜனை விழித்திருக்கும் ஈஸ்ட் எடுத்துக்கொள்ளும் என்பதால். தென்னாப்பிரிக்காவின் ஜார்ஜ் நகரை அடுத்து விளையும் சதர்ன் பேஷன் என்னும் ஹாப்ஸ் ரகத்தின் பழமணம் ஆக்சிஜன் பட்டால் விரைவில் மங்கிவிடும்.

அந்த மணத்தை நாடி வருவோரிடம் ஹைட்ரோமீட்டர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலர் அதை விற்பனைத் தந்திரம் என்று எண்ணிச் சிரிக்கிறார்கள். ஹாப்ஸ் இட்ட பின் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த அளவுகள் ஒன்றாக இருந்தால் மட்டுமே பாட்டிலில் அடைக்கலாம் என்று சொல்லித்தான் பொட்டலத்தைக் கையில் கொடுக்கிறேன்.