சாரணர் அறைக்கு மெட்டல் படம்: தொப்பி நிழலில் கண் தெரிய வேண்டும்

சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் பிறந்தநாளான பிப்ரவரி 22 நெருங்கினால் தருமபுரி, கிருஷ்ணகிரி பள்ளிகளில் சாரணர் அறைக்கு அவர் படம் தேடும் வேலை தொடங்கிவிடும். கூகுளில் முதலில் வரும் படத்தை வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பி, ஃபிளக்ஸில் அடித்து மாட்டிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அது வெளுத்துச் சுருண்டுவிடும். அலுமினியத் தகட்டில் சப்ளிமேஷன் முறையில் போட்டால், வெயில் நேராகப் படாத சுவரில் பல வருடம் நிற்கும். ஆனால் வேலை தெரிந்து செய்ய வேண்டும்.

கடையில் மெட்டல் பிரிண்ட் என்று கேட்டால் இரண்டு வேறு பொருளைக் காட்டுவார்கள். ஒன்று ஏ.சி.பி. ஷீட்டில் (இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) ஒட்டிய வினைல் ஸ்டிக்கர். விளிம்பை நகத்தால் நெருடிப் பாருங்கள், ஸ்டிக்கர் எழும்பும். மற்றது பூச்சுப் பூசிய அலுமினியத் தகடு. தாளில் அச்சான சாயம், சூடேற்றி அழுத்தும் ஹீட் பிரஸ் இயந்திரத்தின் சூட்டில் ஆவியாகி அந்தப் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் உரிவதற்கு எதுவும் இருக்காது. சப்ளிமேஷன் என்பது இதுதான், கேட்க வேண்டியதும் இதைத்தான்.

தகட்டில் வெள்ளைப் பூச்சு உள்ளதும் உண்டு, உலோகம் அப்படியே தெரியும் வெள்ளி நிறமும் உண்டு. பழைய ஆட்களின் படத்துக்கு வெள்ளி வேண்டவே வேண்டாம். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடமெல்லாம் தகட்டின் நிறத்தில்தான் வரும். அன்னி பெசன்ட் படத்தை வெள்ளித் தகட்டில் போட்டால் வெள்ளைப் புடவையும் நரைத்த தலையும் முகமும் ஒரே சாம்பல் தகரமாகிவிடும். வெள்ளைப் பூச்சு, அதுவும் மேட். பளபளப்பான தகட்டில் எதிரே உள்ள ஜன்னல்தான் தெரியும், ஆள் தெரிய மாட்டார்.

மூலப்படம்தான் பாதி வேலை. 12×18 அங்குலத் தகட்டுக்கு அங்குலத்துக்கு 200 பிக்சல் கணக்கில் 2400×3600 பிக்சல் வேண்டும். கையில் 4×6 அங்குலப் பழைய போட்டோ இருந்தால் 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தாலே அந்த அளவு வந்துவிடும். பத்திரிகையில் அச்சான படம் என்றால் அது புள்ளிகளால் ஆனது. அப்படியே பெரிதாக்கினால் கன்னத்தில் வலை விரித்ததுபோல் கோடு விழும். 1200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, லேசாக மங்கவைத்து, பிறகு அளவைக் குறைத்தால் புள்ளிகள் கலந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப்போகும்.

ஏ.ஐ. வைத்துத் தெளிவாக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். இல்லாத பல்லையும் இமையையும் அது வரைந்து வைக்கும். பதக்கத்தையும் பட்டையையும் கற்பனையாக மாற்றிவிடும். வண்ணம் ஏற்றுவதும் அப்படித்தான். ஸ்கார்ஃப் நிறம் சாரணருக்கு அடையாளம், அதை ஊகித்துப் பூசக்கூடாது. கறுப்பு வெள்ளையே போதும்.

பேடன் பவல் படங்களில் அகல விளிம்புத் தொப்பியின் நிழல் கண்மேல் விழுந்திருக்கும். கணினித் திரை பின்னாலிருந்து ஒளிர்வதால் அந்த நிழலுக்குள் கண் தெரியும். தகட்டில் அந்த ஒளி கிடையாது. நெற்றி முதல் மூக்கின் மேல்பாதி வரை ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் வெளுக்கவைத்து, முதலில் 4×6 துண்டுத் தகட்டில் முகத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். இமையும் கருவிழியும் தனித்தனியாகத் தெரிந்தால் பெரிய தகட்டுக்குப் போகலாம். அந்தத் துண்டுக்கு ஆகும் செலவு வீண் இல்லை.

இடவலம் மாறியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பதக்கங்கள் அணிந்தவரின் இடது மார்பில், அதாவது நம் பார்வைக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். இணையத்தில் சுற்றும்போதே திரும்பிப்போன படங்கள் உண்டு.

பிரஸ்ஸில் கவனம். கப், டி-ஷர்ட் அடிக்கும் கடைகளில் பெரும்பாலும் 15×15 அங்குல பிரஸ்தான் இருக்கும். 12×18 தகட்டை அதில் இரண்டு முறை அழுத்தினால் நடுவில் கோடு விழும். 16×24 பிரஸ் உள்ள கடை வேண்டும். இல்லையென்றால் தகட்டை 10×14 ஆக்கிக்கொள்ளுங்கள். சூடு 200 டிகிரி செல்சியஸ் அளவில், ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின். சரியான எண்ணைத் தகட்டுப் பாக்கெட்டில் போட்டிருப்பார்கள். பாதுகாப்பு ஃபிலிமை உரிக்க மறக்கக்கூடாது. தாளைச் சில நொடி சூடு காட்டி ஈரம் போக்காவிட்டால் திட்டுத்திட்டாக வரும். சூடு தாங்கும் ஹீட் டேப் இரண்டு பக்கமாவது ஒட்டாவிட்டால், பிரஸ்ஸைத் தூக்கும்போது தாள் நகர்ந்து மீசை இரட்டையாகத் தெரியும். கறுப்பு வெள்ளைப் படம் பச்சையாகவோ காவியாகவோ வந்தால், சூடோ நேரமோ தப்பியிருக்கும், அல்லது பிரிண்டரில் அந்த மைக்கும் தாளுக்கும் உரிய கலர் புரொஃபைல் (நிறம் சரியாக வர வைக்கும் அமைப்புக் கோப்பு) போட்டிருக்க மாட்டார்கள். சாம்பல் நிறத்தையும் பிரிண்டர் வண்ண மைகளைக் கலந்துதான் உண்டாக்குகிறது, ஒன்று கூடினாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

படத்துக்குக் கீழே எழுதும் வரியில்தான் தப்பு அதிகம். பேடன் பவலுக்கு 'லார்ட்' பட்டம் 1929இல் வந்தது. அவர் 1921இல் இந்தியா வந்தபோது எடுத்த படத்துக்குக் கீழே 'சர்' என்றுதான் போட வேண்டும். இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909இல் பெங்களூரில் கேப்டன் டி.எச். பேக்கர் தொடங்கியது, ஆனால் அதில் இந்தியச் சிறுவர்களுக்கு இடமில்லை. அந்தக் கதவைத் திறக்கப் பாடுபட்டவர்கள் சென்னையில் அன்னி பெசன்ட்டும் ஜி.எஸ். அருண்டேலும், வடக்கே மதன் மோகன் மாளவியாவும் இருதயநாத் குன்ஸ்ருவும், மத்திய மாகாணத்தில் விவியன் போஸும். பேடன் பவலை மட்டும் மாட்டிவிட்டு இவர்களை விட்டுவிடுவது எனக்குச் சரியாகவே படவில்லை. நம் பிள்ளைகள் இன்று சீருடை போட்டு நிற்பது இவர்களாலும்தான்.

மாட்டும் வேலை. 1.1 மி.மீ. தகடு 12×18 அளவில் சுமார் 400 கிராம்தான். 0.45 மி.மீ. தகடு இன்னும் லேசு, ஆனால் வளையும், பின்னால் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவரில் டபுள் டேப் நிற்காது, சுண்ணாம்போடு சேர்ந்து பெயர்ந்து விழும். நம் பக்கத்துப் பழைய கட்டடங்கள் பல கருங்கல் சுவர். கல்லில் துளை போட்டால் பிட் வழுக்கி இடம் மாறும். இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் 6 மி.மீ. துளை போட்டு பிளாஸ்டிக் பிளக் இறக்குங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே இரண்டாவது துளை. துடைக்க போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் மேட் பரப்பில் உப்புக்கறை வெள்ளையாக நிற்கும். ஆர்.ஓ. தண்ணீரில் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும்.