எழுத்து ஒன்று, ஓதல் ஒன்று

அரபு எழுத்துக் கூட்டத் தெரிந்தால் குர்ஆன் ஓதிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு 'மின் பஃதி' என்ற தொடர் ஒன்று போதும். எழுத்தில் நூன் ('ன்') இருக்கிறது. அடுத்து பா ('ப') வருவதால் அந்த நூன் மீமாகி ('ம்'), மூக்கொலியோடு சற்றே நீண்டு, 'மிம் பஃதி' என்று வரவேண்டும். இந்த ஓதல் விதிதான் இக்லாப். பல முஸ்ஹபுகளில் (குர்ஆன் பிரதிகளில்) நூனின் தலைமேல் குட்டி மீம் ஒன்று இட்டிருப்பார்கள்.

தமிழருக்கு இது புதிதா என்ன? மரமும் 'கள்' விகுதியும் சேர்ந்தால் மரங்கள். நாம் மாற்றத்தை எழுதியே காட்டிவிடுகிறோம். முஸ்ஹபில் எழுத்து அசையாது. நாக்குதான் மாறிக்கொள்ள வேண்டும்.

'மன் யகூலு' என்பதை 'மய்யகூலு' என ஓதுகிறோம். அதே நூன், அதே யா ('ய') 'துன்யா' என்ற சொல்லிலும் உண்டு. ஆனால் அங்கே 'துய்யா' ஆகாது, இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருப்பதால். புன்யான், கின்வான், ஸின்வான் ஆகியவையும் இப்படித்தான்.

எழுத்து முறையோ இன்னும் சுவையானது! பிஸ்மில்லாஹ்வில் 'இஸ்ம்' (பெயர்) என்ற சொல்லின் முதலெழுத்தான அலிஃப் எழுதப்படுவதில்லை. 96ஆம் அத்தியாயத்தின் முதல் வசனத்தில் 'பிஸ்மி ரப்பிக' என்னும்போது அதே அலிஃப் எழுத்தில் நிற்கிறது. ஓதும்போது இரண்டும் 'பிஸ்மி'தான். 'காலூ' என்ற சொல்லின் கடைசி அலிஃபும் அப்படியே: கண்ணுக்கு உண்டு, காதுக்கு இல்லை.

தமிழ் எழுத்தில் அச்சிட்டதை வைத்து மட்டும் ஓதப் பழகுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஸீன், ஸாத் என்ற இரு வேறு அரபு எழுத்துகளும் அதில் ஒரே 'ஸ' ஆகிவிடுகின்றன. எதிரே உட்கார்ந்து திருத்தும் ஓர் உஸ்தாத் (ஆசிரியர்) வேண்டும்.