விழுந்த இடம்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

இன்று பட்டறைக்கு லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலு பேரும் லேத் மெஷினைச் சுற்றி உட்கார்ந்தோம்: பாய், டீச்சர், கொருக்குப்பேட்டைத் தம்பி, நான். போன ஆடியில் ஆரம்பித்த பழக்கம். தண்ணீர் ராக்கெட் செய்கிறோம், தண்டையார்பேட்டை கிரவுண்டில் விடுகிறோம், உடைகிறது, மறுபடி செய்கிறோம். மாசி பிறந்ததும் பாராசூட்டோடு ஒன்றைப் பறக்கவிட வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. அதுவரை அவரவர் விட்ட முதல் ராக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. நான் எழுதி வைக்கிறேன்.

முதலில் பாய். காசிமேட்டுக்காரர், ஐஸ் வியாபாரம் செய்த குடும்பம். 1980 ஜூலை 18-ல் இந்தியாவின் எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டபோது ஆறாவது படித்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் கேட்டதிலிருந்து பையனுக்கு வேறு நினைப்பே இல்லை. அந்தத் தீபாவளிக்கு எதிர்வீட்டில் கொடுத்த ஒரே ஒரு ராக்கெட்டைச் சோடா பாட்டிலில் நட்டுவைத்துப் பற்றவைத்தார். பாட்டில் மணலில் சாய்ந்தது. ராக்கெட் நேராகக் கரையில் குவித்திருந்த வலைக்குள் போனது. நைலான் வலை உருகித் தட்டு அகலத்துக்கு ஓட்டை. அவர் வாப்பா மூன்று சாயந்திரம் வலைக்காரரோடு உட்கார்ந்து பின்னிக் கொடுத்தாராம்.

"எவ்ளோ தூரம் போச்சு, எப்டி சத்தம் கேட்டுச்சு, ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா. அந்த வலையோட கண்ணி சைஸ் மட்டும் இப்ப கேட்டாலும் வெரல்ல காட்டுவேன்" என்றார். காட்டினார்.

ஜனவரி 15, மாட்டுப் பொங்கல்

டீச்சர் வீட்டில் சர்க்கரைப் பொங்கல், கூடவே அவர் கதை.

ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பாவின் சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் வெள்ளித்தாளைச் சேர்த்துவைத்து, தீக்குச்சி மருந்து முனையில் சுற்றி, ஊக்கின் மேல் சாய்த்து, கீழே இன்னொரு குச்சியால் சூடு காட்டுவாராம். புகை வாலோடு நாலடி பாயும். ஒன்று மட்டும் பக்கத்து மொட்டைமாடி வரை போனது. அங்கே வேட்டியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. வேட்டியில் கருகல். அந்த வீட்டு மாமி தீக்குச்சியை இரண்டு விரலில் பிடித்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "இது உன்னோடதாடீ?" என்று கேட்டதுதான் அவருக்கு நினைவு. திட்டவில்லை. ஏன் பறந்தது என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் அழுதேன், அதனால்தான் பிசிக்ஸ் படித்தேன் என்றார் டீச்சர்.

பிறகு அவர் சொன்னது எனக்கு ராத்திரி முழுக்க மண்டையில் ஓடுகிறது. மகன் வீட்டுக்கு டெக்சாஸ் போயிருந்தபோது பேரனோடு எஸ்டஸ் கம்பெனியின் மாடல் ராக்கெட் விட்டாராம். விரல் நீள அட்டைக்குழல் மோட்டார், மேலே ஏ8-3 என்று அச்சு. ஏ என்றால் மொத்த உந்தம் 2.5 நியூட்டன் விநாடிக்குள். 8 என்பது சராசரி உந்துவிசை, நியூட்டனில். 3 என்பது எரிந்து முடிந்த பிறகு காத்திருக்கும் விநாடி. அந்த மூன்று விநாடியில் ராக்கெட் சும்மா ஏறுகிறது. உச்சிக்கு வந்ததும் உள்ளே சின்னதாக ஒரு வெடி, மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியே எறிகிறது. திரும்பி வருவதற்கென்றே ஒரு எண்ணை மோட்டாரின் பெயரில் சேர்த்திருக்கிறார்கள்!

இதைத் தொடங்கியவர் விஞ்ஞானி இல்லை. நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். அவருக்கு வாணவேடிக்கைப் பித்து. சகோதரர் ராபர்ட்டுக்கு மாதிரி விமானப் பித்து. 1954-ல் இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் மாடல் ராக்கெட். அவர்கள் வைத்த பெயர் ராக்-எ-சூட். பாராசூட்டின் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அங்கே கடையில் மோட்டார் கிடைக்கிறது. இங்கே நமக்குக் கிடைப்பதில்லை, மருந்தை நாமே இடித்துச் செய்வது விரலுக்கும் ஆபத்து, சட்டத்துக்கும் விரோதம். ஆகவே தண்ணீரும் காற்றும். எனக்கு அதில் குறையே இல்லை.

ஜனவரி 19, ஞாயிறு

தம்பி கதை சின்னது. 2017 பிப்ரவரி 15-ல் ஒரே பி.எஸ்.எல்.வி.யில் 104 செயற்கைக்கோள் போனதே, அதை மொட்டைமாடியிலிருந்து பார்த்த பன்னிரண்டு வயதுப் பையன். அரை லிட்டர் பாட்டில், தக்கை, தக்கையில் குத்திய ஃபுட்பால் ஊசி, வியாசர்பாடி மாமா பையனிடம் இரவல் வாங்கிய பந்துப் பம்ப். காற்று சேரச் சேரத் தக்கை தாங்காமல் பிடுங்கிக்கொண்டு கிளம்பும். கொருக்குப்பேட்டை தண்டவாளத்தைத் தாண்டும்போது கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. திறந்த வேகனுக்குள் விழுந்தது. வண்டி நிற்கவில்லை.

"அது கூடூர் வரைக்கும் போயிருக்கும்ணா" என்கிறான். எட்டு வருஷமாக அந்த வேகன் எங்கே நின்றிருக்கும் என்று யோசிக்கிறானாம். சொல்லும்போது முகத்தில் வருத்தமே இல்லை, ஊருக்கு அனுப்பிவைத்த பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

ராக்கெட்டை ஏவும் லாஞ்சர் வேலை: அரை இன்ச் பி.வி.சி. பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. கலர் பாட்டிலின் வாய்க்குள் கச்சிதமாக நுழைகிறது. பைப்பில் காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம், ஓ ரிங், உட்கார ஒரு பள்ளம் கடைந்தேன். பி.வி.சி. சூடானால் இளகிவிடும், ஆகவே மெதுவான ஓட்டம், கூர்மையான டூல். பாட்டில் கழுத்து வளையத்தைச் சுற்றிக் கேபிள் டை, மேலே ஒரு வளையம். கயிற்றை இழுத்தால் வளையம் இறங்கும், டை விரியும், பாட்டில் போகும்.

ஜனவரி 28, செவ்வாய், இரவு

நாளை தை அமாவாசை. என் முறை வந்தும் நான் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

1994 அக்டோபர். பி.எஸ்.எல்.வி. முந்தைய வருஷம் தோற்று, அந்த அக்டோபர் 15-ல் முதல் முறையாக ஜெயித்தது. அண்ணன் அப்போது லேத்தில் அப்ரண்டிஸ், என்னைவிட ஐந்து வயது மூத்தவன். "குச்சி இல்லாம பறக்கணும்டா. அங்க குச்சியா கட்டி வுடறாங்க?" என்றான். தீபாவளிக்கு வாங்கிய பெரிய ராக்கெட்டில் குச்சியைக் கழற்றி, காலண்டர் சுருட்டிவரும் அட்டைக்குழாயின் அடியில் பொருத்தி, மூன்று இறக்கை ஒட்டினான். மூக்கைப் பம்பரக்கட்டையில் கடைந்த மாதிரி அவ்வளவு வழுவழுப்பாகச் செய்தான், ஆனால் உள்ளே குடைந்து லேசாக்கிவிட்டான். எடை குறைந்தால் உயரம் போகும் என்பது கணக்கு. கம்பியை நட்டு அதில் மாட்டி விட்டோம். கம்பியை விட்டதும் தலைகீழாக ஒரு குட்டிக்கரணம், இன்னொன்று, பிறகு பக்கவாட்டில் சீறிக்கொண்டு பின்வீட்டு மாடிக்குப் போய் விழுந்தது.

அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. பொதுச்சுவர் தகராறு. அண்ணன் ரொம்ப நேரம் சுவரோரம் நின்றான். கேட்கப் போகவில்லை. மழைக்காலம் வந்தது. எங்கள் மாடித் தொட்டி மேல் ஏறினால் தெரியும்: முதலில் சிவப்புத் தாள் வெளுத்தது, பிறகு அட்டை ஊறிப் பிரிந்தது, பொங்கலுக்கு அந்த மூக்கு மட்டும் கிடந்தது. அண்ணன் வேறு ராக்கெட் செய்யவில்லை.

அவன் போய் ஆறு வருஷம் ஆகிறது.

ஜனவரி 29, புதன்

விடியுமுன் திருவொற்றியூர் கடற்கரைக்குப் போனேன். தர்ப்பணம் கொடுக்க அதற்குள் கூட்டம். ஐயர் தர்ப்பையும் எள்ளும் எடுத்துவைத்துக்கொண்டு, "கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்" என்றார். வடக்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். இன்று காலை 6:23-க்கு ஜி.எஸ்.எல்.வி-எஃப்15 ராக்கெட் கிளம்பும் என்று எனக்குத் தெரியும். ஸ்ரீஹரிகோட்டா நேர்க்கோட்டில் அறுபது கிலோமீட்டர் சொச்சம்தானே.

ஒரு செம்மஞ்சள் புள்ளி கிளம்பியது. சத்தமே இல்லை. வளைந்து கிழக்கே கடல் மேல் ஏறியது. எள்ளும் தண்ணீரும் கையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 100-வது ஏவுதல் இது. முதலாவது 1979 ஆகஸ்ட் 10-ல் போன எஸ்.எல்.வி-3, 317 விநாடியில் இதே வங்காள விரிகுடாவில் விழுந்தது.

அப்புறம் உட்கார்ந்து அண்ணன் பெயரைச் சொல்லித் தண்ணீர் விட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

அன்று போன என்.வி.எஸ்-02 வழிகாட்டிச் செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையை உயர்த்த முடியவில்லை என்று இஸ்ரோ சொல்லியிருக்கிறது. ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. செயற்கைக்கோளில் எரிபொருளை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியை உள்ளே விடும் வால்வு திறக்கவில்லை. 1979-ல் வில்லங்கம் செய்ததும் இரண்டாம் கட்டத்து வால்வுதான். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, எத்தனை பேரின் எத்தனை வருஷம்.

எங்கள் லாஞ்சரில் பைக் டியூப் வால்வு கசிகிறது. மாற்றினேன், சோப்பு நுரை வைத்து இரண்டு முறை பார்த்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அண்ணன் கதையை இன்று அவர்களிடம் சொன்னேன். சொல்லி முடித்ததும் தம்பி ஒன்றும் பேசாமல் பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்து, "இறக்கை எங்கண்ணா ஒட்டியிருந்தாரு? சைஸ் சொல்லுங்க" என்றான். சொல்லச் சொல்ல ராக்கெட்டின் பக்கத்தோற்றத்தை வரைந்து வெட்டினான். அந்த அட்டையை ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பில் நிறுத்தினால் எங்கே சமமாக நிற்கிறதோ, ஏறக்குறைய அங்கேதான் காற்றின் அழுத்த மையம், அதாவது காற்றின் தள்ளல் மொத்தமும் குவிகிற இடம். கிட்டத்தட்ட நடுவில் நின்றது. அண்ணன் விமானத்துக்கு வைப்பது போல நடு உடம்பில் இறக்கை வைத்திருந்தான்.

அடுத்து ஒரு அட்டைக்குழாய், அடியில் மருந்துக்குப் பதில் களிமண், மூக்கு லேசாக. விரல் மேல் நிறுத்தினேன். எடை மையம் வால் பக்கம் போய்விட்டது. அழுத்த மையம் முன்னால், எடை மையம் பின்னால்: திரும்பிப் புரண்டே ஆகும். குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவுக்காவது எடை மையம் முன்னால் இருக்க வேண்டும். தீபாவளி ராக்கெட்டின் குச்சி செய்வதும் இதைத்தான். எடையெல்லாம் மேலே மருந்தில், காற்றுக்கு அகப்படுவதெல்லாம் கீழே நீண்ட குச்சியில்.

இறக்கையை வால் நுனிக்கு இறக்கி, மூக்கில் ஒரு உருண்டை களிமண் வைத்தேன். நூல் கட்டித் தலைக்கு மேல் சுற்றினேன். காத்தாடிக்குக் கன்னி கட்டி இழுத்துப் பார்ப்போமே, அப்படி. மூக்கு முன்னால், வால் பின்னால், கோடு போட்ட மாதிரி சுற்றியது.

ஒரு உருண்டை களிமண். முப்பது வருஷம் அவனுக்குக் கைராசி இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். கை நல்ல கைதான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலை ஏழு மணி. தரைக்காற்று, மேற்கிலிருந்து லேசாக. இரண்டு லிட்டர் பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாலில் மூன்று இறக்கை. டேப்பில்தான் ஒட்டினோம், சுடுபசை பாட்டிலை இளக்கிவிடும். மூக்கில் களிமண். பாராசூட் பழைய குடைத்துணி, காத்தாடி நூல், ஒட்டிக்கொள்ளாமல் இருக்க முகப்பவுடர். உச்சியில் கதவைத் திறக்க, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையின் பல்சக்கரம். அது பாயின் பேத்தியுடையது, கேட்டு வாங்கியது.

முதல் தடவை பல்சக்கரம் சிக்கிக் கதவு திறக்கவில்லை. மூக்கு நசுங்கியது. இரண்டாவது தடவை சக்கரத்தில் ஒரு துளி தையல் மெஷின் எண்ணெய். நாற்பது பி.எஸ்.ஐ. கயிற்றை இழுத்தேன். வெள்ளையாக ஒரு வீச்சு, எங்கள் மேலெல்லாம் சாரல், அதற்குள் அது புள்ளியாகிவிட்டது. கண் சுருக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். கறுப்பாக ஏதோ மலர்ந்தது.

"தொறந்துச்சு! தொறந்துச்சு!" என்று பாய் கத்தினார்.

மெதுவாகக் கிழக்கே நகர்ந்து, கிரவுண்டு சுவரைத் தாண்டி ஒரு மாடியில் இறங்கியது. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தம்பி கிளம்பினான். "இரு, நான் போறேன்" என்றேன்.

இரண்டாவது மாடி. கதவைத் தட்டும்போது நெஞ்சு படபடத்தது. ஒரு அம்மா ஈரக்கையோடு திறந்தார். என்ன சொல்வது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "உங்க மாடில எங்க ராக்கெட் வுழுந்துடுச்சும்மா" என்றேன். அவர் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். ஏழெட்டு வயதுப் பெண்பிள்ளை பாட்டிலை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தது. உடையவில்லை. ஒரு இறக்கை மட்டும் மடங்கியிருந்தது. பாட்டிலைக் கொடுத்தது, நூலை விடவில்லை.

"மாமா, இது திரும்பியும் பறக்குமா?"

"பறக்கும். நீ வந்து பம்ப் அடிக்கிறியா?"

அம்மாவைப் பார்த்தது. அவர் தலையாட்டினார். செருப்பு போடாமலே படியிறங்கியது. பம்புக்கும் லாஞ்சருக்கும் நடுவில் ஐந்து மீட்டர் ஹோஸ் இருக்கிறது, பயமில்லை. பாய் மறுபடி தண்ணீர் ஊற்றினார். டீச்சர் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முள் நாற்பதைத் தொட்டதும் நிறுத்தச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.