வள்ளி வந்த பிறகு செம்பன்

தாய்ப் பூனையையும் குட்டிகளையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டால் அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பூனையை என்ன செய்வது என்றால் எல்லோரிடமும் ஒரே பதில்தான். “ஒரு சண்டை போட்டால் சரியாகிவிடும் மகள்” என்றார் மேல் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெரியம்மா. அவர் எத்தனையோ பூனைகளை வளர்த்தவர். ஆனால் அவருடைய பூனைகள் வெளியே திரிபவை. பிடிக்காவிட்டால் அடுத்த லயத்துக்குப் போய்விடும். எங்கள் செம்பன் வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவன். அவனுக்குப் போக வேறு இடம் கிடையாது. ஆகவே இந்தக் குறிப்புகளில் பாதிக்கு மேல் அவனைப் பற்றித்தான் இருக்கும்.

கண் திறக்கும் முன்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தின் (பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை) மூலையில் கிழிந்த படங்குக் குவியலுக்குள் தாய்ப் பூனை வள்ளி குட்டி போட்டிருந்தாள். தென்மேற்குப் பருவமழை சாரலடித்துக்கொண்டிருந்தது. இரவில் நாய்கள் வரும், சிறுத்தை நடமாட்டமும் உண்டு. தாயை முதலில் கூடைக்குள் விட்டோம். பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு குட்டிகளையும் அந்தப் படங்கோடு சேர்த்து எடுத்து வைத்தோம். பழைய வாடை கூடவே வந்தால் புது இடத்தில் குட்டிகளைக் கவ்விக்கொண்டு அலைவது குறையும். அவளுக்கு வள்ளி என்று பெயர் வைத்தது பக்கத்து வீட்டுச் சிறுமி.

அம்மாயி இருந்த சிறு அறைதான் வள்ளிக்கு. பழைய தேயிலைப் பெட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, சிமெந்துத் தரையின் குளிர் ஏறாதபடி செங்கல்மேல் வைத்தேன். பிறந்த குட்டிகளுக்கு முதல் வாரத்தில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் வலுவே இருக்காது. படுக்கை 30 பாகை செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். இங்கே இரவுக் குளிர் அதில் பாதிதான். சுடுதண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் குட்டிகள் மறுபக்கம் ஊர்ந்து போக இடம் வேண்டும். கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. அந்தப் புகையில் பூனையும் சாகும், மனிதரும் சாவார்.

தாய்க்குப் பசி தீரவே தீராது. பாலூட்டும் பூனை வழக்கத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு தின்னும். சாளை மீனை அவித்து, முள்ளெடுத்து, குட்டிகளுக்கான உலர் உணவோடு கலந்து நாளெல்லாம் வைத்தேன். மாட்டுப்பால் கொடுக்கவில்லை, பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு அது வயிற்றுப்போக்கில்தான் முடியும். குட்டிகளைச் சமையல் தராசில் கிண்ணத்தோடு வைத்து நிறுத்து, சுவர் நாட்காட்டியில் எழுதினேன். பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி, நாளுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும். சாம்பல் குட்டி பின்தங்கியது. மற்றவை தூங்கும் நேரம் பார்த்து அதை மட்டும் முலைக்காம்பில் பிடித்துவிட்டேன். நாட்காட்டியில் அதன் எண் மற்றவற்றின் எண்ணை எட்டிப் பிடித்ததும், அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூடிய கதவு

எங்கள் பகுதி மிருக வைத்தியர் முதலிலேயே சொல்லிவிட்டார்: வெளியிலிருந்து வந்த பூனையைக் குறைந்தது இரண்டு வாரமாவது தனியே வைக்க வேண்டும். பான்லூக்கோபீனியா என்னும் வைரஸ் நோய் இருந்தால் குட்டிகளைக் கூட்டத்தோடு கொண்டுபோகும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் ஒரு வருடம் வரைகூட உயிர்த்திருக்கும். வெறும் சவர்க்காரத்துக்கு அசையாது, நீர்த்த பிளீச்சுக்குத்தான் அடங்கும். செம்பனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. ஆனாலும் அந்த அறைக்கென்று ஒரு செருப்பு, ஒரு மேற்சட்டை தனியாக வைத்துக்கொண்டேன்.

செம்பன் என்ன செய்தான்? கதவடியில் உட்கார்ந்தான். குட்டிகளின் கீச்சொலி கேட்டால் காது மட்டும் திரும்பும். நான் வெளியே வந்தால் என் கையை முகர்ந்து சீறுவான். என்னிடம் அவன் சீறியதே இல்லை. அவன் கோபம் என்மேல் இல்லை, என் கையோடு வந்த வாடையின்மேல். அதனால் அறையை விட்டு வந்ததும் கைகழுவி, சட்டையை மாற்றி, பிறகுதான் அவனைத் தொடுவேன். அவனுடைய காலைச் சாப்பாடு, குசினி ஜன்னல், மாலையில் என் மடி, எதுவும் மாறவில்லை. வந்தவளுக்கு இடம் கொடுக்கிறேன் என்று இருந்தவனின் இடத்தை எடுத்தால் அந்த வீட்டில் சமாதானம் வராது.

இன்னொன்றையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன்: அவன் சிறுநீர். மன அழுத்தத்தில் ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வது உண்டு. கழிவுக்கென்று வைத்த மரத்தூள் தட்டில் திரும்பத் திரும்பக் குந்தி, முக்கி, ஒன்றும் போகவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க முடியாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மரத்தூளில் ஈரக் கட்டி இருக்கிறதா என்று தினமும் கிளறிப் பார்த்தேன். இருந்தது. அது எனக்குப் பெரிய நிம்மதி.

நடுவில் வள்ளிக்கு உடம்பு சுட்டது. பரசிட்டமோல் அரை மாத்திரை கொடுக்கச் சொன்னார்கள் அக்கம்பக்கத்தார். மனிதருக்கு மருந்தாகும் அது பூனைக்கு நஞ்சு. அதன் ஈரலால் அதை முறிக்க முடியாது. வைத்தியரையே அழைத்தேன்.

சாரத்துண்டு

தனிமைக் காலம் முடிந்து, வைத்தியரும் சரி என்ற பிறகு வாடையை மாற்றத் தொடங்கினேன். இடுப்பில் கட்டும் பழைய சாரத்தைக் கிழித்து, ஒரு துண்டால் வள்ளியின் கன்னத்தைத் தடவினேன். பூனை நட்பாக முட்டி உரசுவது அந்தக் கன்னத்தால்தான். அங்கே வாடைச் சுரப்பிகள் இருக்கின்றன. துண்டைச் செம்பனின் கோப்பையிலிருந்து எட்டத் தள்ளி வைத்தேன்.

அவன் வயிறு தரையில் படும்படி பதுங்கி வந்தான். மூக்கை அருகே கொண்டுபோய், மேலுதட்டைச் சற்றுத் தூக்கி, வாயைப் பாதி திறந்து அப்படியே நின்றான். வாடையை வாயின் மேலண்ணத்தில் உள்ள உறுப்புக்கு இழுத்துப் படிப்பது அப்படித்தான். பிறகு ஒரு சீறல், பின்வாங்கல், கடைசியில் சாப்பாடு. சாப்பிட்டான் என்பதுதான் முக்கியம். சாப்பாட்டை விட்டுப் போயிருந்தால் துண்டு மிக அருகில் இருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு வேளைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். துண்டின்மேலேயே கோப்பையை வைத்தும் அவன் வாலை அசைக்காமல் தின்ற அன்று, இரண்டு கோப்பைகளையும் கதவின் இருபுறமும் வைக்கத் தொடங்கினேன்.

வள்ளியிடம் செம்பனின் துண்டைக் கொடுத்தபோது பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. குட்டிகள் படுக்கும் இடத்தில் அந்நிய ஆண் பூனையின் வாடை வந்தால் தாய் கலங்கிவிடும். கருத்தடை செய்யாத கடுவன்கள் குட்டிகளைக் கொல்வது உண்டு. செம்பன் கருத்தடை செய்தவன்தான், ஆனால் அது வள்ளிக்கு எப்படித் தெரியும்? கதவோரத்தில் மட்டும் வைத்தேன்.

குட்டிகள் தத்தி நடக்கத் தொடங்கியதும் வள்ளி அவற்றை விட்டு அதிக நேரம் வெளியே இருக்க விரும்பினாள். செம்பனைப் படுக்கையறையில் விட்டுவிட்டு அவளைக் குசினியிலும் இஸ்தோப்பிலும் (வீட்டு முன் திண்ணை) உலவ விட்டேன். இஸ்தோப்பைச் சுற்றி வலை அடித்திருக்கிறோம். பிறகு அவன் வந்து, அவள் நடந்த வழியெல்லாம் முகர்ந்து, மேசைக்காலில் தன் கன்னத்தை உரசினான். சண்டையே இல்லாமல் இருவரும் பேசிக்கொண்டது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

வலைக்கதவு

பக்கத்து வீட்டு அண்ணன் மரச்சட்டத்தில் கோழிக்கூட்டு வலை அடித்துக் கதவு செய்து தந்தார். அதன்மேல் சாக்கைத் தொங்கவிட்டு, அடியில் நாலு விரற்கடை மட்டும் திறந்து வைத்தேன். முதலில் பாதங்கள் மட்டும் தெரியட்டும் என்பது எண்ணம்.

அவன் பாதத்தைக் கண்டதும் வள்ளி வலையில் பாய்ந்தாள். உடம்பு முழுக்க மயிர் சிலிர்த்து நின்றது. பாலூட்டும் தாயின் வேகம் அது. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? செம்பன் அலுமாரிக்கு மேலே ஏறிக்கொண்டான். அப்போது அவனைத் தூக்கப் போகக் கூடாது. மிரண்ட பூனை எட்டாத எதிரிமேல் உள்ள ஆத்திரத்தை எட்டுகிற கையில் காட்டிவிடும். சாக்கை முழுக்க இறக்கிவிட்டு, மறுபடியும் மூடிய கதவுக்கே போனேன்.

குட்டிகள் தாங்களாகத் தின்னத் தொடங்கியபோது வள்ளியின் மூர்க்கம் தணிந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவற்றுக்கு முதல் தடுப்பூசி போட்டோம். சாக்கு மெல்ல மெல்ல மேலே போனது. கடைசியில் எல்லைக்கோட்டைத் தாண்டியது அந்தச் சாம்பல் குட்டிதான். வலைக் கண்ணுக்குள் மூக்கை நீட்டியது. செம்பன் குனிந்து அந்த மூக்கைத் தன் மூக்கால் தொட்டான். உள்ளே வள்ளி தலை தூக்கிப் பார்த்தாள், எழவில்லை.

இப்போது

மாலையில் விறகடுப்பு எரியும் நேரம் வலைக்கதவைத் திறந்துவிடுகிறேன். வள்ளி அடுப்படியில், செம்பன் கதிரைமேல். இருவரும் கண்ணை மெதுவாக மூடித் திறக்கிறார்கள். நெருங்கிப் படுப்பதில்லை. படுக்க வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. மரத்தூள் தட்டு மூன்று வைத்திருக்கிறேன், பூனைக்கு ஒன்று, மேலும் ஒன்று; குட்டிகளின் தட்டு வேறு. இரண்டு குட்டிகளுக்கு வீடு பார்த்தாகிவிட்டது.

அடுத்து வள்ளியின் கருத்தடை. பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினைப்படக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போடப் போவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு ரயிலில் கூட்டிப்போக ஏற்பாடு செய்திருக்கிறேன். திரும்பி வரும்போது அவள்மேல் மருந்து வாடை அடிக்கும். நன்றாகப் பழகிய பூனைகள்கூட அந்த வாடையில் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் சீறும். அதனால் அண்ணன் செய்த வலைக்கதவை இன்னும் கழற்றவில்லை. துவைக்காத சாரத்துண்டுகள் இரண்டையும் தனித்தனிப் பையில் கட்டி அலுமாரியில் வைத்திருக்கிறேன்.