வெள்ளவத்தையில் அறை, கல்கிசையில் குளியல்

வெளிநாட்டுக் கடற்கரை என்றால் மாலத்தீவு, பாலி, புக்கெட் என்றுதான் எல்லோரும் அடுக்குவார்கள். சென்னையில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும் கொழும்பை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போகிற வழியில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து ஓடிவிடுகிறார்கள். என்னிடமும் நண்பனிடமும் இருந்த காசுக்கு மாலத்தீவில் ஒரு நாள்கூடத் தாங்காது. சரி, கொழும்பிலேயே இருந்து கடலைப் பார்ப்போம் என்று கிளம்பினோம்.

நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. பர்ஸ் தடித்துப் பெரிய பணக்காரனான மயக்கம் வரும். இரண்டு கடை ஏறி இறங்கினால் தெளிந்துவிடும். அதனால் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்தே டாக்சி பக்கம் திரும்பாமல் 187ஆம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, கொழும்பின் மையப் பகுதியான கோட்டைக்கு வந்தோம்.

தங்குமிடத்தில்தான் பெரிய மிச்சம். கொழும்பில் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரை கரையை ஒட்டியே ரயில் பாதை ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் எவ்வளவு கொடுத்துக் கடல் பார்த்த அறை எடுத்தாலும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் அலையில் கால் நனைக்க வேண்டும். அப்புறம் எதற்கு அந்தக் காசு? இடையில் இருக்கும் வெள்ளவத்தையில், காலி வீதி என்ற பெரிய சாலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு சந்தில், யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் வீட்டு மாடியில் அறை கிடைத்தது. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும். கல்கிசை (மவுண்ட் லவினியா) கடற்கரையைப் பற்றி முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "கல்கிசையில குளியுங்கோ தம்பி, சாப்பிட மட்டும் இஞ்ச வாங்கோ. அங்க ஒரு மீனுக்குக் குடுக்கிற காசில இஞ்ச ரெண்டு நாள் சாப்பிடலாம்."

அதை அப்படியே கடைப்பிடித்தோம்.

வெள்ளவத்தை ஸ்டேஷனில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் வாங்கினால் தெஹிவளைக்கு அடுத்து கல்கிசை. டிக்கெட் விலையைக் கேட்டால் சிரிப்பு வரும். தெற்கே போகும்போது வலது பக்கம் நில்லுங்கள். அலை தண்டவாளத்துக் கருங்கல்லில் மோதி, சில இடங்களில் சாரல் முகத்திலேயே அடிக்கும். காலை மாலை அலுவலக நேரத்தில் மட்டும் ஏறிவிடாதீர்கள், கடல் தெரியாது, முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும்.

கல்கிசையில் இறங்கி நடந்தால் மணல். மேட்டில் வெள்ளையாக நிற்கும் பெரிய ஹோட்டல், 1806இல் ஆளுநர் மெயிட்லண்ட் தனக்காகக் கட்டத் தொடங்கிய மாளிகை. அதற்குள் டீ குடிக்கலாமா என்று நண்பன் கேட்டான். விலைப் பட்டியலைப் பார்த்ததும் அவனே திரும்பிவிட்டான். கீழே கடற்கரை எல்லோருக்கும் பொது, கட்டணம் கிடையாது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் ஏதாவது வாங்கச் சொல்வார்கள். நாங்கள் துண்டு விரித்துக்கொண்டோம். சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் மட்டும் இறங்க வேண்டாம், இழுப்பு நிஜமாகவே பலமானது.

ஒரு நாள் இன்னும் தெற்கே, ஹிக்கடுவைக்குப் போனோம். கோட்டையிலிருந்து காலி என்ற ஊருக்குப் போகும் ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஊர் வருவதற்குச் சற்று முன் பெரலிய. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஒரு ரயிலையே புரட்டிப் போட்ட இடம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். அதுவரை ஜன்னலோரம் கடலைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டு வந்த எங்களுக்கு அந்த இடத்தில் பேச எதுவும் வரவில்லை.

ஹிக்கடுவையில் கடலாமைகள் முழங்கால் ஆழத்துக்கே வருகின்றன. காசு கொடுத்துப் படகேறாமலே பார்த்தோம். பாசியைக் கையில் கொடுத்து ஊட்டச் சொல்லி ஆள் வருவார்கள். ஆமைக்குத் தன் சாப்பாட்டைத் தேடிக்கொள்ளத் தெரியும், விட்டுவிடுங்கள்.

மாலை நேரங்களுக்குக் காலிமுகத்திடல். 1859இல் உருவான திடல், இன்றும் பட்டம் விடும் பிள்ளைகளின் ராஜ்ஜியம். தள்ளுவண்டிகளில் இறால் வடை பொரித்துக்கொண்டிருப்பார்கள். தட்டையான பருப்பு வடையின் தலையில் முழு இறால், மேலே வெங்காயமும் காரமும். எந்த வண்டியில் கூட்டம் அதிகமோ அங்கே வாங்குங்கள். எண்ணெயும் இறாலும் புதிதாக இருக்க அதைவிட நல்ல உத்தரவாதம் இல்லை. ராத்திரிக்கு வெள்ளவத்தையில் கொத்து ரொட்டி, ஒன்றை இரண்டு பேர் தாராளமாகப் பகிரலாம்.

தேதி போடும்போது பௌர்ணமியைப் பாருங்கள். போயா என்னும் பௌர்ணமி விடுமுறையில் மதுக்கடை எல்லாம் மூடியிருக்கும், கடற்கரையிலோ ஊரே கூடியிருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இந்தப் பக்கக் கடல் சாதுவாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, குளிக்க லாயக்கில்லை. அந்த மாதங்களில்தான் லீவு கிடைக்கும் என்றால் கொழும்பு புறக்கோட்டையில் திருகோணமலை பஸ் ஏறி, கிழக்குக் கரையில் இருக்கும் நிலாவெளிக்குப் போய்விடுங்கள். அன்ரியின் தங்கச்சி வீடு அங்கேதான் இருக்கிறதாம். அடுத்த வருஷம் வந்தால் அங்கே தங்கலாம் என்று போன் நம்பர்கூடக் கொடுத்துவிட்டார்.