ஊரில் பழைய வழக்கு இருந்தும் கணவரின் நீண்டகால வருகை அனுமதியைப் புதுப்பிக்க

நான் சிங்கப்பூர்க் குடிமகள், கணவரின் விண்ணப்பத்துக்கு ஆதரவாளர் (ஸ்பான்சர்). அவர் தமிழ்நாட்டுக்காரர். ஊரில் அவர்மேல் இருந்த ஒரு அடிதடி வழக்கு அபராதத்தோடு முடிந்தது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் எங்களுக்கு வேலை வைத்தது ஒரே கேள்விதான்: எந்த நாட்டிலாவது நீதிமன்றம் உங்களைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்ததுண்டா?

"ஃபைன் கட்டிட்டு வந்ததுதானே, அதெல்லாம் கேஸா?" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைத் தீர்ப்புதான். விடுதலையானால் அல்ல. சிங்கப்பூர்ப் போலிஸ் கொடுக்கும் கடும் எச்சரிக்கையும் அல்ல. இங்கே 5 ஆண்டு குற்றமின்றி இருந்தால் சிறு குற்றப் பதிவு நீங்கும் என்ற சட்டம் உண்டு (3 மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம், வேறு சில நிபந்தனைகளும்). அது சிங்கப்பூர்ப் பதிவேட்டுக்கானது. ஊர் வழக்குக்கு அதைக் காட்டி 'இல்லை' என்று போட முடியாது. பொய்த் தகவலுக்கு 4,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

'ஆம்' என்று போட்டால் கதவு அடைபட்டுவிடுமா? யாரை நாட்டுக்குள் விடக்கூடாது என்று சொல்லும் குடிநுழைவுச் சட்டத்தின் 8(3) பிரிவில், தண்டனை பற்றிய உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். சிறைத்தண்டனை விதிக்கப்பட்டிருக்க வேண்டும், முழு மன்னிப்புக் கிடைத்திருக்கக் கூடாது, வழக்கின் சூழ்நிலையை வைத்து அவர் விரும்பத்தகாதவர் என்று குடிநுழைவுக் கட்டுப்பாட்டாளர் கருத வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அந்த உட்பிரிவு பிடிக்கும். அபராத வழக்கு அதற்குள் வராது. ஆனாலும் அனுமதி தருவது குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையத்தின் (ICA) விருப்புரிமை, அதனால் அதையும் எடைபோடுவார்கள். "சூழ்நிலை" என்று சட்டமே சொல்வதால், அதை விளக்கும் காகிதங்கள்தான் நம் கையில் இருப்பவை.

முதலில் தீர்ப்பின் சான்றிட்ட நகல். இந்திய நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைத் தேடி எடுத்து, ஊர் வக்கீல் மூலம் நகல் மனு போட வேண்டும். அபராத ரசீதும் வேண்டும். பழைய கோப்பு அழிக்கப்பட்டிருந்தால், அப்படி எழுதி நீதிமன்ற முத்திரையோடு வாங்குங்கள். வெறுங்கையாகத் திரும்ப வேண்டாம். தமிழில் உள்ளதை ஆங்கிலமாக்கி நோட்டரி பப்ளிக்கிடமோ இந்தியத் தூதரகத்திடமோ சான்று வாங்குவது கட்டாயம். பெயரின் எழுத்து கடப்பிதழில் இருப்பதுபோலவே இருக்கட்டும். 'எஸ். முருகன்' ஓரிடத்தில், 'முருகன் சுப்பையா' இன்னோரிடத்தில் என்றால் அதற்கும் தனி உறுதிமொழிப் பத்திரம் தேவைப்படும்.

விளக்கக் கடிதம் ஒரே பக்கம். தேதி, நீதிமன்றம், பிரிவு, தீர்ப்பு, தண்டனை முடிந்த நாள், அதன்பின் வழக்கில்லை என்ற வரி, இங்குள்ள குடும்பநிலை. எதிராளிமேல் பழி போட்டு எழுதுவது எடுபடாது. முன்பு கொடுத்த விண்ணப்பத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தால், இந்தக் கடிதத்தோடு விஷயம் முடியாது. அனுப்பும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கடப்பிதழ் முடியப் போகிறதா என்று முதலில் பாருங்கள். வழக்குள்ளவருக்குப் புதுக் கடப்பிதழுக்கான போலிஸ் சரிபார்ப்பு இழுத்தடிக்கும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்பதாலேயே தங்கும் உரிமை வந்துவிடாது. காலாவதி நெருங்கியும் முடிவு வரவில்லையென்றால், அதற்கு முன்பே குறுகிய கால நீட்டிப்பைக் கேட்டு வாங்குங்கள். 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கினால் பிரம்படி வரை போகும்.

மறுக்கப்பட்டால் பெரும்பாலும் காரணம் சொல்லமாட்டார்கள். நீதிமன்றம் போனாலும் நடைமுறை சரியா என்று மட்டுமே பார்க்கும் (குடிநுழைவுச் சட்டம், 39ஏ பிரிவு). ஆக மிஞ்சுவது ஆணையத்திடம் மேல்முறையீடு. தொகுதி எம்.பி. மக்கள் சந்திப்பில் கடிதம் எழுதித் தருவார். முடிவு அவருடையதல்ல. புது ஆவணம் ஏதாவது இல்லாமல் பழையதையே திரும்ப அனுப்பிப் பயனில்லை.

கிடைத்தால் அட்டை எதிர்பார்க்காதீர்கள். 2023 பிப்ரவரி முதல் மின்னிலக்க அனுமதிதான். வேலைக்கான இசைவுக் கடிதம் பழைய அனுமதியின் தேதியோடு முடியும் என்பதால் முதலாளிக்கு உடனே சொல்லிவிடுங்கள்.